கிளாவரை: கடைசி ஊர் ஆன கதை

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயரில், செல்போர்ன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு தெரு, ஒரு தேவாலயம், பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவு, சுற்றிலும் வயல். போர் எதுவும் அங்கே நடக்கவில்லை. அரசர் எவரும் அங்கே பிறக்கவில்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் உள்ள வாசகர்களுக்கு அவ்வூரின் பெயர் தெரியும். அங்கே துணைக்குருவாகப் பணியாற்றிய கில்பர்ட் ஒயிட் (1720-1793) நண்பர்கள் இருவருக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1789இல் நூலாக்கினார் என்பதே காரணம். தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன, மண்புழு இல்லாவிட்டால் நிலம் என்னவாகும், தோட்டத்து ஆமை எந்த நாளில் மண்ணுக்குள் இறங்கியது என்பவையே அவருக்கு முக்கியச் செய்திகள். நூலின் பிற்பகுதி ஊரின் பழமைகளைப் பேசுகிறது. ஓர் ஊரை அதன் புல் பூண்டு முதல் பழைய பத்திரங்கள் வரை ஒரே மனிதர் உட்கார்ந்து எழுதிவிட முடியும் என்ற நம்பிக்கையை ஆங்கில இலக்கியத்துக்குத் தந்த நூல் அது.

அந்த நூலை எடுக்கும்போதெல்லாம் நமக்குள் எழும் கேள்வி ஒன்றுண்டு. நம்முடைய ஒரு சிற்றூரை இப்படி எழுத வேண்டுமானால் எதை வைத்து எழுதுவது? செல்போர்னுக்குப் பங்குப் பதிவேடு இருந்தது; பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் தலைமுறை தலைமுறையாக அதில் ஏறியிருந்தன. நம் மலையூர்களுக்கு அப்படி ஏதும் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஒயிட்டின் நாட்டிலிருந்து வந்தவர்களே நம் மலைகளையும் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்பதற்குக் கிளாவரையை விடப் பொருத்தமான ஊர் நமக்குத் தோன்றவில்லை.

கொடைக்கானலிலிருந்து மேற்கே போகும் சாலை பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்களைத் தொட்டுக்கொண்டு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கிளாவரையில் முடிகிறது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நிற்க, அவற்றைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய வயல்கள் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகின்றன. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். வயல்களுக்கு அப்பால் காடு. காட்டுக்கு அப்பால் கேரளத்தின் வட்டவடை. நிர்வாகக் கணக்கில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். 1985க்கு முன்பு மதுரை மாவட்டம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வரை’ என்பது மலைக்குப் பழந்தமிழ்ச் சொல், அதில் ஐயமில்லை. ‘கிளா’ என்பது களா என்ற முட்செடியின் மறுவடிவம். தென்மாவட்டங்களில் இன்றும் களாக்காயைக் கிளாக்காய் என்பவர்கள் உண்டு. சமவெளிக் களா இந்த உயரத்துச் செடியன்று என்று தாவரம் அறிந்தவர்கள் மறுக்கக்கூடும். ஆனால் உயர்மலைச் சோலை ஓரங்களில் வளரும், கருநீலப் பழம் தரும் முட்புதர் ஒன்றை நீலகிரியில் ஊசிக்களா என்றே அழைக்கிறார்கள். கிளா மண்டிய மலை, கிளாவரை. இது நம் ஊகமே என்றாலும், நாட்டார் சொல்லும் இலக்கியச் சொல்லும் ஓர் ஊர்ப்பெயருக்குள் இப்படிக் கைகோத்து நிற்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இம்மலைகளின் பழமைக்குச் சான்று தேடிச் சங்கப் பாடல்களுக்குப் போவது நம்மவர் வழக்கம். பொதினி என்னும் பழனியும் ஆவியர் குடியும் பேகனும் அங்கே வருகிறார்கள். கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனும் புறநானூற்றில் வருகிறான். அந்தக் கோடையை இந்த மலைத்தொடராகக் கொள்வோர் உண்டு. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் உள்ள கற்பதுக்கைகளை ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் மலைத்தொடரின் வரலாறு. கிளாவரையின் வரலாறு என்று கையால் தொட்டுக் காட்டத்தக்கது மிகப் பின்னால்தான் தொடங்குகிறது.

1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலைகளை அளந்தார். அதுவே முதல் முறையான அளவை. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் வந்து மேல்மலையைச் சுற்றி, படங்கள் வரைந்து, அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பேரிஜம் அருகே ஹாமில்டன் கோட்டை என்று கோட்டையே இல்லாத ஓர் இடத்துக்கு அவர் பெயர் தங்கிவிட்டது. பிறகு நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு (1868), பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி (1906), தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகள் (1909). இவற்றுக்கு இணையாகத் தாவரவியலாளர்களின் வரிசை ஒன்று: போர்ன் தம்பதியர் செடிகளைச் சேர்த்து வரைந்தனர், பைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி எழுதினார், சேசு சபையின் கே. எம். மேத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்களுக்குப் பெருநூல் ஒன்றை முடித்துத் தந்தார். மேல்மலையின் ஒரு புல்லுக்கு இருக்கும் எழுத்துப் பதிவு அதன்மேல் நடந்த மனிதருக்கு இல்லை என்று சொன்னால் மிகையாகாது. ஒயிட்டின் நூல் ஒரே அட்டைக்குள் வைத்திருந்த இரண்டும் இங்கே வெவ்வேறு அலமாரிகளுக்குப் போய்விட்டன.

மனிதரைப் பற்றி இருக்கும் கொஞ்சப் பதிவையும் கவனமாகவே படிக்க வேண்டும். மேல்மலையின் முதன்மையான உழுகுடிகள் குன்னுவர். சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழக்கு. மன்னாடி என்பது அவர்களுடைய பட்டம். இவர்களைப் பற்றி நெல்சன் முதலானோர் வியப்போடு எழுதி வைத்த ஒரு வழக்கம் உண்டு. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் சொத்து மகளுக்கு இறங்கும் நிலை வந்தால், அவளை வயதுவந்த ஆணுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஒரு சிறுவனுக்கு மணம் செய்வார்கள். சில வேளைகளில் தந்தை வீட்டின் ஒரு பகுதிக்கே மணம் செய்துவிடுவார்கள். அதன்பின் தன் குலத்துக்குள் தனக்கு விருப்பமானவரோடு அவள் வாழலாம். பிறக்கும் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள், நிலம் அவர்களுக்கு. பத்து வயதுச் சிறுவனுக்கு மூன்று வயதுப் பிள்ளை இருப்பதாகச் சாட்சி சொல்லப்பட்டபோது மதுரை ஆட்சியர்கள் திகைத்துப் போனார்கள் என்ற பகடியும் அந்தப் பதிவில் உண்டு.

எழுதியவர்களுக்கு இது ஒரு வினோதம். பெண்ணின் ஒழுக்கம் பற்றிய கிண்டலும் அந்த வரிகளில் மெல்லிதாக ஓடுகிறது. ஆனால் மேல்மலை நிலத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். மலைச்சரிவில் ஒரு படிவயல் தானாக உண்டாவதில்லை. கல்லைப் பெயர்த்து, சுவர் எழுப்பி, மண்ணைக் கொட்டிச் சமன்செய்து, ஓடை நீரை வாய்க்காலாக இழுத்து வந்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இடிந்ததைத் திரும்பக் கட்டி, பல தலைமுறை உழைப்பில் நிற்பது அது. மகளோடு சேர்ந்து அந்த வயல் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால், மேலே இருக்கும் வயலுக்கும் கீழே இருக்கும் வயலுக்கும் இடையே நீர் விடுவது யார், சுவர் எழுப்புவது யார்? வீட்டுக்கே பெண்ணை மணமுடித்த அந்தச் சடங்கில், நிலத்தை விட்டு வீடு நகரக்கூடாது என்ற பிடிவாதமே நமக்குத் தெரிகிறது. பெண்ணின் விருப்பத்துக்கு அது எவ்வளவு இடம் தந்தது, எவ்வளவு அவளை அந்த வீட்டோடு கட்டிப்போட்டது என்பதைச் சொல்ல, அப்படி மணமான ஒரு பெண்ணின் குரல்கூட அந்த நூல்களில் பதிவாகவில்லை.

அந்தப் படிவயல்களைக் கட்டிய கைகள் குன்னுவருடையவை மட்டுமல்ல. குன்னுவர் வருமுன்பே இங்கிருந்தவர்கள் புலையர் என்றும், வந்தவர்களிடம் அவர்கள் பண்ணையடிமைகளாக ஆயினர் என்றும் அதே விவரச்சுவடிகள் சொல்கின்றன. 1843இல் இயற்றப்பட்ட சட்டம் அடிமைமுறைக்கான சட்டபூர்வ ஏற்பை நீக்கியது. ஆனால் கடன் என்ற பெயரில் தொடர்ந்த கட்டை அது அவிழ்க்கவில்லை. பளியரைப் பற்றி டாமன் என்ற பாதிரியார் 1908இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். காட்டின் தேனும் கிழங்கும் அவர்கள் வாழ்வு. மலையூரின் எழிலைப் பேசும் கட்டுரைகள் இந்த அடுக்கைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. செல்போர்ன் நூலும் விதிவிலக்கல்ல. அந்நூலில் ஆமைக்குக் கிடைத்த பக்கங்கள் கூலியாட்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருவோம். கிளாவரையைக் கடைசி ஊர் என்கிறார்கள். பேருந்து அங்கே திரும்புகிறது. சாலை அங்கே முடிகிறது. தமிழ்நாடும் அங்கே முடிகிறது. ஆனால் எங்கிருந்து எண்ணினால் அது கடைசி? கொடைக்கானலிலிருந்து எண்ணினால்தான். கொடைக்கானலோ, கிளாவரையோடு ஒப்பிட்டால் நேற்று முளைத்த ஊர். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் முதல் பத்தாண்டுகளில் பலரைக் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலிகொடுத்த பிறகு, உயிர் தப்ப ஓர் இடம் தேடினர். முதலில் சிறுமலையைப் பார்த்தனர். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலை மேட்டில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை உருவாக்கினார். சமவெளியிலிருந்து வண்டிச்சாலை ஏறி முடிந்ததோ 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்.

அதற்கு முன் மேல்மலை ஊர்கள் எந்தத் திசையைப் பார்த்திருந்தன? நீரைக் கேட்டால் சொல்லும். கிளாவரைப் பக்கத்து ஓடைகள் வடக்கே இறங்கி, தேனாறாகி, மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக அமராவதியைச் சேர்கின்றன. எல்லைக்கு அப்பால் வட்டவடை, காந்தளூர், மறையூர் நீரும் பாம்பாறாகி அதே அமராவதிக்கு வருகிறது. இரண்டும் ஒரே அணையில் கலந்து, கரூர் அருகே காவிரிக்குப் போகின்றன. ஒற்றையடிப் பாதைகளும் இந்த நீர்வழித் திசையில்தான் கிடந்தன. வடக்கே உடுமலைச் சமவெளி. மேற்கே ஒரு முகடு தாண்டினால் வட்டவடையின் கோவிலூர். குன்னுவர் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வதும் இந்தத் திசைக்கே பொருந்துகிறது. அஞ்சுநாட்டு ஊர்களிலும் வட்டவடையிலும் மன்னாடி என்ற பட்டம் வழங்குகிறது. அங்கேயும் படிவயல், அங்கேயும் பூண்டு, அங்கேயும் பேச்சு தமிழ். போருக்கு அஞ்சி மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. முகட்டின் இரு பக்கமும் இருந்தது ஒரே மலைச் சமூகம். அதன் நடுவில் இருந்த ஊர்களுள் ஒன்று கிளாவரை.

முகட்டின் மேல் எல்லைக்கோடு 1956இல் விழுந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். கோடு பழையது; திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலிருந்த எல்லை அது. மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்த வாதங்களில் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் எண்ணிக்கை பேசப்பட்டது, நீர் பேசப்பட்டது. கிளாவரைக்கும் கோவிலூருக்கும் இடையே பெண் கொடுத்து எடுத்தவர்களின் ஒற்றையடிப்பாதை எந்த மேசைக்கும் வரவில்லை. பள்ளி மொழி, குடும்ப அட்டை, பட்டா, சந்தை என ஒவ்வொன்றாக இரண்டு தலைநகரங்களை நோக்கித் திரும்பின. பழைய கோடு அப்போதுதான் தடித்தது.

ஒரு சாலை மட்டும் மேற்கே போக முயன்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கிழக்குக் கரையில் இறங்கினால் கொடைக்கானல் ஐரோப்பியர் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்காகப் பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு பாதையைச் செப்பனிட்டனர். ‘எஸ்கேப் ரோடு’ என்றே பெயர். ஜப்பானியர் வரவில்லை, சாலை நின்றது. 1990இல் அது மூடப்பட்டது. அந்தச் சாலை கிளாவரைக்குத் தெற்கே, முகட்டோரமாகவே ஓடியது; ஊரைத் தொடவில்லை. தப்பி ஓட நினைத்தவர்களின் வரைபடத்தில் தங்கி வாழ்ந்தவர்களின் ஊர்கள் இல்லாதது இயல்பே.

கொடைக்கானலின் பக்கம் ஊர் திரும்பியபோது நிலமும் மாறியது. மேல்மலை என்பது இயல்பில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலை. வெள்ளையர் இதைப் பார்த்தவுடன் தங்கள் நாட்டுக் குன்றுகளை நினைத்தார்கள். தங்கள் நாட்டுக் காய்களையும் பழமரங்களையும் கொண்டுவந்தார்கள். விந்தை என்னவென்றால், புல்வெளியை ரசித்தவர்களுக்கே அது வெற்று நிலமாகவும் தெரிந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை ஒதுக்கியது. விடுதலைக்குப் பிறகு வந்த நம் அரசுகள் அதைவிடத் தீவிரமாக வாட்டிலையும் யூகலிப்டசையும் பைனையும் நட்டன. தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பட்டை வேண்டும், கூழ் ஆலைகளுக்கு மரம் வேண்டும். 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைகளின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களால் காட்டியது. அன்னிய மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அந்த இடத்தை நிரப்பின. மன்னவனூரில் மைய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் மேய்ச்சல் நிலம் (1965இல் தொடங்கியது) இன்றும் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. சுற்றுலா வருவோர் அங்கே நின்று படம் எடுத்து, இங்கிலாந்து போல இருக்கிறது, சுவிட்சர்லாந்து போல இருக்கிறது என்கிறார்கள். மேல்மலையின் பழைய முகமே அதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஊரின் இன்றைய உயிர் பூண்டில் இருக்கிறது. மலைப்பூண்டு ஆண்டுக்கு இருபோகம் விளைவது. பல்லைப் பிரித்து நட்டு, சுமார் நான்கைந்து மாதத்தில் தாளோடு பிடுங்கி, கட்டுக்கட்டாகக் கட்டி உலர்த்துவார்கள். அடுப்புப் புகை படும்படி மேலே தொங்கவிட்டால் நெடுநாள் கெடாது. தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போனால்தான் அதற்கு விலை தெரியும். அந்த விலை ஒருபோதும் பயிரிட்டவர் கையில் இருப்பதில்லை. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சில ஆண்டுகளில் காந்தளூர் வட்டவடை வெள்ளைப்பூண்டுக்குக் கேரளம் தனியாக ஒரு புவிசார் குறியீடு பெற்றது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே வகைப் படிவயல். முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பூண்டு, அந்தப் பக்கம் ஒரு பூண்டு. எல்லைக்கோடு எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

கிளாவரையிலிருந்து கோவிலூர் நடந்து போகும் தொலைவுதான். வண்டியில் போக வேண்டுமானால் மலையிறங்கிச் சமவெளியைச் சுற்றி மீண்டும் மலையேற வேண்டும். ஒரு நாள் கழியும். இடைவெளியில் இருக்கும் சில கிலோமீட்டருக்குச் சாலை போடுங்கள் என்பது இரு பக்கத்து ஊராரின் நெடுநாள் கோரிக்கை. குறுக்கே நிற்பது காடு. அந்தப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவும் (2003) குறிஞ்சிமலைச் சரணாலயமும் (2006). இந்தப் பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட, 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். சுற்றுச்சூழல் அன்பர்கள் சாலையை எதிர்க்கிறார்கள். மூணாறையும் கொடைக்கானலையும் ஒரே நாளில் பார்க்கத் துடிக்கும் வாகனங்களுக்கு அந்த வழி திறந்தால், எஞ்சிய சோலை தாங்காது என்பது உண்மை. கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களைக் கணக்கெடுக்க உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்த நிலையில் அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ள முடியாது. அதே வேளையில், பிரசவ வலியோடு ஒருத்தியை நாற்பது கிலோமீட்டர் வளைவுகளில் கொண்டு போகிறவனிடம் சோலையின் அருமையைச் சொல்லும் தகுதி சமவெளியில் இருக்கும் நமக்கு எவ்வளவு இருக்கிறது? சோலையை அழித்து வாட்டில் நட்டது அவனுடைய பாட்டன் அல்ல. மாநில எல்லைக்குள் சுற்றுலா வண்டிக்கு மூடி, ஊராருக்கும் நோயாளிக்கும் மட்டும் திறக்கும் பாதை ஏன் இயலாது என்று நாம் கேட்கிறோம். இரவில் மூடும் வனச்சாலைகள் நமக்குப் புதியவை அல்லவே.

2024 செப்டம்பரில் கிளாவரைக்கு வந்துகொண்டிருந்த ஓடை நீர் திடீரென்று நின்றது. வயநாட்டில் மலை சரிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. காரணம் தேடி ஊரார் சிலர் காட்டுக்குள் ஏறினார்கள். அங்கே ஏறக்குறைய 300 அடி நீளத்துக்குத் தரை பிளந்து கிடந்தது. செய்தி பரவியது, வனத்துறையினரும் நிலவியலாளர்களும் வந்து பார்த்தார்கள், சில நாட்களுக்கு நாளிதழ்களின் முதல் பக்கங்களில் கிளாவரை என்ற பெயர் இருந்தது. வார்டு அளந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சமவெளித் தமிழர் பலருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. பிளவை முதலில் கண்டவர்கள் வல்லுநர்கள் அல்லர். நீர் ஏன் வரவில்லை என்று வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தவர்கள். படிவயல் வைத்திருக்கும் ஊரில் அப்படி நடப்பது அன்றாட வேலை.